குருத்தெலும்பைக் கரைக்கும் கட்டளை

என் அம்மாவுக்கு வந்திருப்பது முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டழற்சி நோய்) என்று உறுதியான பிறகு, பார்க்க வந்த உறவினர்களில் பெரும்பாலோர் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். ஆட்டுக்கல்லில் மாவாட்டியது, கிணற்றில் நீர் இறைத்தது, குத்துக்காலிட்டுத் துணி துவைத்தது என்று அந்தக் காலத்து வேலைகளை அடுக்கி, இத்தனை உழைத்தால் மூட்டு தேயாமல் என்ன செய்யும் என்று கேட்டார்கள். அக்கறையோடு சொன்ன வார்த்தைகள்தாம். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு அம்மா கையை அசைப்பதற்கே அஞ்சத் தொடங்கினார்; தேய்ந்தது தேய்ந்ததுதானே, மாத்திரை சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பும் அவருக்கு வந்துவிட்டது. கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பிக்கும் எனக்கு நோயைவிட அந்தச் சலிப்புதான் பெரிய கவலையாக இருந்தது. முடக்குவாதத்தில் குருத்தெலும்பு உராய்ந்து தீர்ந்துபோவதில்லை. அழற்சியின்போது செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்கள், குருத்தெலும்புக்குள் வாழும் செல்களையே அதைக் கரைக்கும்படி ஏவுகின்றன. ஏவும் புரதத்தை உரிய காலத்தில் தடுத்துவிட்டால் கரைவது பெருமளவு நிற்கும். அம்மாவுக்கு நான் பல நாட்களாகப் பகுதி பகுதியாகச் சொல்லிவந்ததை இங்கே கோவையாக எழுதுகிறேன்.

குருத்தெலும்பைக் கண்ணால் பார்த்திருந்தால் மற்றவை எளிதில் விளங்கும். கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கும்போது முட்டியைத் துண்டாக்காமல் மூட்டோடு பிரித்துத் தரச் சொன்னால், எலும்பின் உருண்ட முனையின்மேல் இளநீலம் கலந்த வெண்மையில் பளபளக்கும் ஓர் உறையைக் காணலாம். விரலால் தடவினால் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் சற்றே அமுங்கி மீளும். கத்தி முனையால் சீவினால் மறுபக்கம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய சீவல் வரும். சீவிய இடத்தில் ஒரு துளி ரத்தம்கூட இருக்காது, ஏனென்றால் அதற்குள் ரத்தக் குழாய்களே இல்லை. நரம்புகளும் நிணநீர்க் குழாய்களும்கூட இல்லை. மனித முழங்காலில் இந்த உறையின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருக்கும். நரம்பு இல்லாத காரணத்தால், குருத்தெலும்பு அழியத் தொடங்கும்போது அது நேரடியாக வலிப்பதில்லை. நாம் உணரும் வலி சுற்றியுள்ள மூட்டுச் சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் வருகிறது. வலியின் அளவை வைத்து அழிவின் அளவைக் கணிக்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்த உறையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நீர். மீதியில் பெரும்பகுதி இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகளால் ஆன வலை. இன்னொன்று, அந்த வலைக்குள் அடைபட்டிருக்கும் அக்ரிகன் என்னும் மிகப் பெரிய மூலக்கூறு. அக்ரிகனின் நடுவில் ஒரு நீண்ட புரதம் இருக்கிறது. அதிலிருந்து சல்பேட் ஏற்றப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகள் நூறளவில் கிளைத்து நிற்கின்றன. அந்தச் சங்கிலிகளின் எதிர்மின்னூட்டம் சோடியம் அயனிகளை ஈர்க்க, அவற்றோடு நீரும் உள்ளே இழுக்கப்படுகிறது. ஜவ்வரிசியை ஒரு துணியில் இறுக்கிக் கட்டி நீரில் ஊற வைத்தால், உள்ளே இருப்பது உப்ப முயல, துணி அதை விடாமல் பிடித்துக்கொள்ள, மூட்டை கெட்டியாகி அழுத்தத்தைத் தாங்குமல்லவா, அதைப்போலவே அக்ரிகனின் உப்பும் முயற்சியும் கொலாஜன் வலையின் இறுக்கமும் சேர்ந்து நம் உடல் எடையைத் தாங்குகின்றன. இவை இரண்டையும் உருவாக்கிப் பராமரிக்கும் குருத்தெலும்பு செல்கள் மொத்தக் கொள்ளளவில் சில சதவீதம்தான். ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள பொருளுக்குள் தனித்தனியே புதைந்து, மூட்டுத் திரவத்திலிருந்து மெல்லப் பரவிவரும் ஊட்டத்தைக் கொண்டு வாழ்கிறது. திரவத்தின் வழியாக ஊட்டம் வருவதைப் போலவே கட்டளைகளும் வந்துசேரும்.

அப்படி ஒரு கட்டளை உண்டு என்பதைக் கண்டறிந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தை 1929 முதல் 1970 வரை இயக்குநராக நடத்தியவர் ஹானர் ஃபெல். திசுக்களை உடலுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்க்கும் கலையில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஆய்வு மேசையை விட்டு விலகவில்லை. ஜப் என்ற மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து அவர் செய்த சோதனை 1977-இல் வெளிவந்தது. அப்போது ஃபெல்லுக்கு வயது எழுபத்தேழு. பன்றியின் மூட்டிலிருந்து எடுத்த குருத்தெலும்புத் துண்டுகளையும் மூட்டுச் சவ்வையும் ஒரே தட்டில் வளர்த்தார்கள். சவ்வு குருத்தெலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, குருத்தெலும்பு உயிருள்ளதானாலும் செத்ததானாலும் அரிக்கப்பட்டது. சவ்விலிருந்து கசியும் நொதிகள் நேரடியாக அரிக்கின்றன என்று அதை விளக்கிவிடலாம், அதில் பெரிய வியப்பில்லை. அடுத்து, இரண்டையும் ஒன்றையொன்று தொடாதபடி தள்ளி வைத்தார்கள். இப்போது செத்த குருத்தெலும்பு அப்படியே இருந்தது. உயிருள்ள குருத்தெலும்பு மட்டும் தன் பொருளை இழந்தது.

இந்த முடிவின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. தொலைவிலிருந்து வருவது அரிக்கும் நொதியாக இருந்திருந்தால் செத்த துண்டையும் அது அரித்திருக்க வேண்டும். உயிருள்ள செல்கள் இருந்தால்தான் அழிவு நடக்கிறது என்றால், அழிவைச் செய்வது அந்தச் செல்கள்தாம். சவ்வு அவற்றுக்கு ஏதோ ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருளுக்கு ஜான் டிங்கிளும் ஜெரமி சக்லத்வாலாவும் உள்ளிட்ட ஸ்ட்ரேஞ்ச்வேஸ் குழுவினர் கேட்டபாலின் என்று பெயரிட்டார்கள். சக்லத்வாலா பல ஆண்டுகள் பாடுபட்டு அதைத் தூய்மைப்படுத்தியபோது, உலகின் வேறு ஆய்வகங்கள் முற்றிலும் வேறு காரணங்களுக்காகத் துரத்திக்கொண்டிருந்த ஒரு புரதமும் அதுவும் ஒன்றே என்பது 1980-களின் நடுப்பகுதியில் தெளிவாயிற்று. காய்ச்சலை உண்டாக்கும் பொருளாக ஒருவரும், வெள்ளையணுக்களைத் தூண்டும் பொருளாக இன்னொருவரும் அறிந்திருந்த இன்டர்லூக்கின்-1 அது. காய்ச்சல் வந்த உடம்பில் வெப்பத்தை ஏற்றும் அதே மூலக்கூறு, மூட்டுக்குள் குருத்தெலும்பைக் கரைக்கச் சொல்கிறது. 1986-இல் சக்லத்வாலா, டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற இன்னொரு சைட்டோகைனும் இதே வேலையைச் செய்வதையும், அதோடு புதிய அக்ரிகன் உருவாவதைத் தடுப்பதையும் காட்டினார்.

செய்தி செல்லுக்குள் எப்படி வேலையாக மாறுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இன்டர்லூக்கின்-1 குருத்தெலும்பு செல்லின் மேற்பரப்பில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதமான தன் ஏற்பியோடு இணைந்த சில நிமிடங்களில், செல்லுக்குள் அதுவரை கட்டிவைக்கப்பட்டிருந்த என்.எஃப்.கப்பா-பி என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் நுழைகிறது. வேறு சில சமிக்ஞைப் பாதைகளும் அதே வேளையில் விழித்துக்கொள்கின்றன. அங்கே அவை சில மரபணுக்களை இயக்கியும் சிலவற்றை அடக்கியும் விடுகின்றன. இயக்கப்படுபவற்றில் புரதம் வெட்டும் நொதிகள், வீக்கத்தையும் வலியையும் தரும் புரோஸ்டாகிளாண்டின்களை உருவாக்கும் நொதி, நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதி, இன்டர்லூக்கின்-6 ஆகியவை அடங்கும். அடக்கப்படுபவை இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிகனும். அதாவது இடிக்கும் வேலை முடுக்கிவிடப்படும் அதே நேரத்தில் கட்டும் வேலை நிறுத்தப்படுகிறது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் சேதம் இவ்வளவு விரைவாக இராது.

முதலில் பறிபோவது அக்ரிகன். ஏடிஏஎம்டிஎஸ்-4, ஏடிஏஎம்டிஎஸ்-5 என்ற இரு நொதிகள் 1999-இல் அடையாளம் காணப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கொண்ட அக்ரிகன் புரதத்தில், 373-ஆம் இடத்திலுள்ள குளூட்டமிக் அமிலத்துக்கும் 374-ஆம் இடத்திலுள்ள அலனினுக்கும் நடுவே இருக்கும் ஒற்றைப் பிணைப்பை இவை வெட்டுகின்றன. அக்ரிகனை வலைக்குள் நங்கூரமிட்டு வைத்திருப்பது அதன் ஒரு முனைதான். வெட்டு விழும் இடமோ அந்த முனையை அடுத்து இருக்கிறது. ஆகவே ஒரு வெட்டில், நீரைப் பிடித்துவைத்திருந்த சர்க்கரைச் சங்கிலிகள் அனைத்தும் மூட்டுத் திரவத்துக்குள் நழுவிப் போய்விடுகின்றன. முடக்குவாத நோயாளிகளின் மூட்டுத் திரவத்தை ஊசியால் எடுத்து ஆராய்ந்தால் இந்த வெட்டுண்ட துண்டுகளைக் காண முடியும். ஏடிஏஎம்டிஎஸ்-5 இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட எலிகளின் குருத்தெலும்பு இந்த அழிவிலிருந்து பெருமளவு தப்பியதை 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின.

அக்ரிகன் போய்விட்டாலும் வலை மட்டும் சேதமில்லாமல் இருந்தால் நிலைமை இன்னும் கைமீறவில்லை என்று பொருள். ஆய்வகத் தட்டில் குருத்தெலும்புக்கு இன்டர்லூக்கின்-1 கொடுத்துச் சில நாட்களில் அக்ரிகனை இழக்கச் செய்து, பிறகு அந்தப் புரதத்தைக் கழுவி நீக்கிவிட்டால், செல்கள் புதிய அக்ரிகனை உருவாக்கத் தொடங்குகின்றன. ஆனால் தூண்டுதல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. எம்.எம்.பி-13 போன்ற கொலாஜனேஸ் நொதிகள், மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு கயிறாக நிற்கும் கொலாஜனைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டி, முக்கால் நீளத் துண்டாகவும் கால் நீளத் துண்டாகவும் பிரிக்கின்றன. முறுக்கு இருக்கும்வரை மற்ற நொதிகளுக்கு அதில் பல் பதியாது. வெட்டுண்டபின் அத்துண்டுகள் உடலின் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாக மாறிவிட, எஞ்சியதை வேறு நொதிகள் எளிதாகத் தின்றுவிடுகின்றன. கொலாஜனை இவ்வாறு வெட்டும் நொதி ஒன்று விலங்குகளில் இருக்கிறது என்பது 1962-இல், தவளையாக மாறும்போது தன் வாலைக் கரைத்துக்கொள்ளும் தலைப்பிரட்டையில் கண்டறியப்பட்டது என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது. வளர்ச்சிக்கும் காயம் ஆறுவதற்கும் வேண்டிய கருவிகள்தாம் இவை. மூட்டில் அவை தவறான இடத்தில் தவறான கட்டளையின்கீழ் இயங்குகின்றன.

அழிந்த கொலாஜன் வலையை உடம்பு மீண்டும் நெய்து தருமா என்பதற்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து பதில் வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வளிமண்டலத்தில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14-இன் அளவு திடீரென உயர்ந்து, பின்னர் ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைந்துவந்தது. அந்த ஆண்டுகளில் உணவு வழியாக அது எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்தது. ஆகவே ஒரு திசுவில் உள்ள கார்பன்-14-ஐ அளந்தால் அது எந்தக் காலத்தில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பில் இவ்வாறு அளந்து 2016-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. பெரியவர்களின் குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் அவர்கள் வளர்ந்துகொண்டிருந்த வயதில் உருவானது. அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்பட்டதற்கான அடையாளமே இல்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் முழங்காலில் சுமப்பது பதின்ம வயதில் நெய்யப்பட்ட வலை. கொலாஜன் பொடியைப் பாலில் கலந்து குடித்தால் மூட்டு வளரும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த உண்மையை ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். விழுங்கிய கொலாஜன் குடலில் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடைந்துபோகிறது. அது முழங்காலைத் தேடிச்சென்று வலையாக அமைவதில்லை. மாதச் சம்பளத்தில் கணிசமான தொகையை இதற்குச் செலவிடும் பெற்றோரை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆக, அக்ரிகனை மீட்கலாம், கொலாஜனை மீட்க முடியாது. முடக்குவாதத்தில் மருத்துவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பதற்கு இந்த வேறுபாட்டிலேயே பெரும்பகுதி விடை இருக்கிறது.

முடக்குவாதத்தில் இந்தப் புரதங்களை வெளியிடுவது யார்? இயல்பான மூட்டுச் சவ்வின் உள்படலம் ஓரிரு செல் அடுக்குகளே கொண்டது. நோயில் அது தடித்து, எதிர்ப்பாற்றல் செல்கள் குவிந்து, புதிய ரத்தக் குழாய்களோடு குருத்தெலும்பின் விளிம்பின்மேல் படர்ந்து வளர்கிறது. அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் டி.என்.எஃப்-ஐயும் இன்டர்லூக்கின்-1-ஐயும் வெளியிடுகின்றன. சவ்வின் நார்ச்செல்கள் அவற்றால் தூண்டப்பட்டு இன்டர்லூக்கின்-6-ஐயும் அரிக்கும் நொதிகளையும் பொழிகின்றன. டி செல்கள் என்ற வெள்ளையணுக்களிலிருந்து வரும் இன்டர்லூக்கின்-17 இவற்றின் வீரியத்தைக் கூட்டுகிறது. ஃபெல்லின் தட்டில் கண்ட இரண்டு வழிகளும், அதாவது தொட்டு அரிப்பதும் தொலைவிலிருந்து ஏவுவதும், இங்கே ஒரே மூட்டில் ஒன்றாக நடக்கின்றன. போதாததற்கு, வெட்டுண்ட புரதத் துண்டுகளே ஆபத்துச் சமிக்ஞைகளாக மாறிச் செல்களை மேலும் தூண்டுகின்றன. ரேங்க்-லிகண்ட் என்ற இன்னொரு சைட்டோகைன் எலும்பைத் தின்னும் செல்களை முதிரச் செய்வதால், குருத்தெலும்புக்கு அடியிலும் ஓரத்திலும் உள்ள எலும்பிலும் குழி விழுகிறது. எக்ஸ்ரேயில் விரல் மூட்டுகளின் ஓரத்தில் எலி கொறித்ததைப்போலத் தெரிபவை இந்தக் குழிகள்தாம்.

இத்தனை சைட்டோகைன்கள் இருக்கும்போது ஒன்றைத் தடுத்து என்ன பயன், மற்றவை அந்த வேலையைச் செய்துவிடாதா என்ற ஐயம் 1980-களில் வலுவாக இருந்தது. லண்டன் கென்னடி வாதநோய் ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும், பஞ்சாபின் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் இதற்கு விடை தேடினார்கள். நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் வளர்த்து, டி.என்.எஃப்-ஐ மட்டும், அதோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதத்தால் தடுத்தபோது, இன்டர்லூக்கின்-1-இன் உற்பத்தியும் சேர்ந்து வீழ்ந்ததை 1989-இல் அவர்களுடைய குழு காட்டியது. சைட்டோகைன்கள் தனித்தனியாக இயங்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன, டி.என்.எஃப் அந்த அடுக்கின் மேல்பகுதியில் இருக்கிறது என்பது அதன் பொருள். 1991-இல் கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் மனித டி.என்.எஃப்-ஐ மிகையாக உருவாக்கும் எலிகளை வளர்த்தபோது அவற்றுக்குத் தாமாகவே மூட்டழற்சி வந்தது. 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில், பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத 20 முடக்குவாத நோயாளிகளுக்குப் பின்னாளில் இன்ஃப்ளிக்சிமாப் என்று பெயர்பெற்ற டி.என்.எஃப் எதிர்ப்புரதம் செலுத்தப்பட்டது. வலியும் வீக்கமும் சில வாரங்களுக்குள் தணிந்தன. டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் மருந்துகளில் எடனர்செப்ட் 1998-இலும், முடக்குவாதத்துக்கு இன்ஃப்ளிக்சிமாப் 1999-இலும், அடலிமுமாப் 2002-இன் இறுதியிலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஃபெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

என்னை வியப்பில் ஆழ்த்திய செய்தி அதற்குப் பிறகு வந்தது. 428 நோயாளிகளைக் கொண்ட ஒரு பெரிய ஆய்வில், முடக்குவாதத்தின் அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டோடு இன்ஃப்ளிக்சிமாப் பெற்றவர்களின் எக்ஸ்ரே படங்களை ஓராண்டுக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். மூட்டுச் சேதம் பெரும்பாலும் முன்னேறவே இல்லை என்பது மட்டுமல்ல. வலி, வீக்கம் ஆகியவற்றில் சொல்லத்தக்க முன்னேற்றம் காணாதவர்களிடமும் சேதம் மட்டுப்பட்டிருந்தது. இதன் மறுபக்கத்தைத்தான் நம் ஊரில் அன்றாடம் பார்க்கிறோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதால் வலியும் வீக்கமும் குறைகின்றன. ஆனால் டி.என்.எஃப்-உம் இன்டர்லூக்கின்-1-உம் தம் வேலையைத் தொடர்கின்றன. நொதிகள் வெட்டிக்கொண்டே இருக்கின்றன. வலி இல்லாத நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடும். கையெழுத்துப் போட முடியாதபடி விரல்கள் கோணிப்போன பிறகு மருத்துவரிடம் வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இந்த வலிமாத்திரைகளில்தான் தொடங்குகிறது. என் அம்மாவும் காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாமல், டம்ளரை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் காப்பி குடித்த நிலையில், பல மாதங்கள் வலிமாத்திரையிலேயே ஓட்டியவர். அவருக்கு வேண்டியிருந்தது வலியை மறைக்கும் மருந்தல்ல, கட்டளையை அடக்கும் மருந்து.

அந்த இடத்தில் முதலில் வருவது மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு, பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பது, பெரும்பாலான நோயாளிகளுக்கு இதுவே அடிப்படை மருந்து. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை இது; தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், எங்கள் வீட்டு நாட்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். அதற்கும் நோய் அடங்காதபோதுதான் சைட்டோகைன்களை நேரடியாகத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிய பேச்சு எழுகிறது. அவற்றின் விலை நம் நாட்டில் பெரும் தடையாக இருந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த ஜைடஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் அடலிமுமாப் மருந்தின் நிகரி ஒன்றை, அதாவது மூல மருந்துக்கு ஒப்பாக வேறு நிறுவனம் தயாரிக்கும் மருந்தை, வெளியிட்டது. உலகிலேயே அந்த மருந்துக்கு வந்த முதல் நிகரி அது. விலை இறங்கியது, ஆனாலும் எளிய குடும்பங்களுக்கு அது இன்னும் எட்டாக் கனிதான்.

இந்த மருந்துகளோடு நம் மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் வருகிறது. காசநோய்க் கிருமிகள் நுரையீரலில் அடங்கிக் கிடக்கும்போது, அவற்றைச் சுற்றி எதிர்ப்பாற்றல் செல்கள் ஓர் அரணைக் கட்டி அடைத்து வைத்திருக்கின்றன. அந்த அரண் குலையாமல் நிற்க டி.என்.எஃப் தேவை. டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் அரண் தளர்ந்து, உறங்கிக் கிடந்த கிருமி வெளிவரலாம். இன்ஃப்ளிக்சிமாப் பரவலான சில ஆண்டுகளுக்குள், 2001-இலேயே, இப்படி வெளிப்பட்ட காசநோய் 70 பேரிடம் பதிவாகியிருந்தது. ஆகவே ஊசி தொடங்குவதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் மான்டூ சோதனையோ அதற்கு இணையான ரத்தப் பரிசோதனையோ கேட்டால், மருத்துவர் தேவையில்லாமல் செலவு வைக்கிறார் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இன்டர்லூக்கின்-6-ஐப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஒசாகா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோவும் ஹிரானோவும் 1986-இல் இதன் மரபணுவைக் கண்டறிந்தார்கள். அழற்சியின்போது ரத்தத்தில் உயரும் சி.ஆர்.பி. என்ற புரதம் கல்லீரலில் உருவாவதற்கு இதுவே முதன்மையான தூண்டுதல். ஆய்வகத் தாளில் நாம் பார்க்கும் சி.ஆர்.பி. எண் ஒரு வகையில் உடம்பில் உலவும் இன்டர்லூக்கின்-6-இன் நிழல். இதன் ஏற்பியைத் தடுக்கும் டோசிலிசுமாப், 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது குடும்பங்கள் ஊர் ஊராகத் தேடியலைந்த அதே மருந்து, முதலில் மூட்டழற்சிக்காகப் பெயர் பெற்றது. அந்த மருந்தில் இருப்பவருக்கு சி.ஆர்.பி. இயல்பாக இருந்தாலும் அதை மட்டும் நம்பி நோய் அடங்கிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அந்த எண்ணை உயர்த்தும் வழியே அடைபட்டிருக்கிறது. ஜேனஸ் கைனேஸ் என்ற நொதிகளைத் தடுக்கும் டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகள் இன்டர்லூக்கின்-6 உள்ளிட்ட பல சைட்டோகைன்களின் செய்தியைச் செல்லுக்குள்ளேயே மறிக்கின்றன.

ஆய்வகத் தட்டில் குருத்தெலும்பை மிக வலுவாகக் கரைப்பது இன்டர்லூக்கின்-1 அல்லவா, அப்படியானால் அதைத் தடுப்பதுதானே சிறந்த மருத்துவம் என்ற கேள்வி இயல்பாக எழும். அதன் ஏற்பியை அடைக்கும் அனகின்ரா 2001-இல் வந்தது. முடக்குவாதத்தில் அதன் பலன் டி.என்.எஃப் மருந்துகளின் அளவுக்கு இல்லை. ஆனால் ஸ்டில் நோய் போன்ற, காய்ச்சலோடு வரும் வேறு சில அழற்சி நோய்களில் அது அற்புதமாக வேலை செய்கிறது. தட்டில் ஒரு புரதம் என்ன செய்ய வல்லது என்பதும், உடம்பில் ஒரு குறிப்பிட்ட நோயை உண்மையில் ஓட்டுவது எது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாடு, வயதானவர்களிடம் பரவலாகக் காணும் முழங்கால் தேய்மானத்தில் இன்னும் கூர்மையாகிறது. அங்கே எடையும் பழைய காயங்களும் மூட்டின் கோணலும் உண்மையாகவே பங்கு வகிக்கின்றன. எனினும் அங்கும் அக்ரிகனையும் கொலாஜனையும் வெட்டுபவை அதே நொதிகள்தாம். சவ்வில் மிதமான அழற்சியும் பலரிடம் இருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடையைச் சுமக்காத கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகமாக வருவது, கொழுப்புத் திசுவிலிருந்து வரும் அழற்சிப் புரதங்களுக்கும் இதில் பங்குண்டு என்ற கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. அப்படியானால் முடக்குவாத மருந்துகள் இங்கும் பலன் தர வேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கைவிரல் தேய்மானத்தில் அடலிமுமாப் வலியைக் குறைக்கவில்லை. இன்டர்லூக்கின்-1-இன் இரு வடிவங்களையும் தடுக்கும் லூட்டிகிசுமாப், முழங்காலில் சவ்வழற்சி உள்ளவர்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தும் அந்த அழற்சியைக்கூடத் தணிக்கவில்லை. ஏடிஏஎம்டிஎஸ்-5-ஐத் தடுக்கும் மாத்திரை ஒன்றை 900-க்கும் மேற்பட்டோரிடம் ஓராண்டு சோதித்தார்கள். குருத்தெலும்பு மெலிவது குறையவில்லை. எனவே முழங்கால் தேய்மானத்துக்கு அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி வந்துவிட்டது என்று யாராவது விற்க முன்வந்தால் நம்ப வேண்டாம்.

ஆனால் கதவு முழுவதும் மூடிவிடவில்லை என்று நான் கருதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. சற்று உயர்ந்திருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, இதய நோய்க்காக இன்டர்லூக்கின்-1-இன் ஒரு வடிவமான பீட்டாவைத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலுத்தி ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 2020-இல் அந்தத் தரவுகளை மீண்டும் அலசியபோது, ஊசி பெற்றவர்களிடம் இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைகள் சுமார் 40 சதவீதம் குறைவாக நடந்திருந்தது தெரிந்தது. மூட்டுக்காகத் திட்டமிடப்பட்ட ஆய்வல்ல என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்தான தொற்றுகள் சற்றுக் கூடியதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். ஆனாலும் ஓராண்டு ஆய்வுகளில் தெரியாத பலன் சில ஆண்டுகள் தொடர்ந்தால் தெரியக்கூடும் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்துகிறது. ஆஸ்திரேலியாவில், ஸ்கேனில் சவ்வழற்சி தெரிந்த கைவிரல் தேய்மான நோயாளிகளுக்கு வாரம் 20 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட்டை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களுக்கு வலி மிதமான அளவில் குறைந்திருந்தது. ஆறு மாதம் குருத்தெலும்பின் கணக்கில் மிகக் குறுகிய காலம்; அதில் அடங்கியது வலி மட்டும்தானா, வெட்டும் நொதிகளுமா என்பதை நீண்ட ஆய்வுகள்தாம் பிரித்துக் காட்ட முடியும்.